அக்காவின் கூரையும் உன் லைசென்ஸும்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பும் மனசும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்காமல் நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முழங்காலை மட்டும் கணக்கில் சேர்க்காதே, அது மழைக்கு ஒரு பேச்சு வெயிலுக்கு ஒரு பேச்சு பேசும். போனில்தான் பேசிவிட்டோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் நீ அழுகிறாய், நான் அழுகிறேன், நடுவில் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு அங்கே மழையா என்று கேட்கிறார், சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடுகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அதை நிதானமாக எழுதத்தான் லாண்டரிக் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அப்பா கதையைக் கேள். நீ பரீட்சையில் தேறிவிட்டேன், லைசென்ஸ் வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னாயே, அப்போது அவர் ஹோட்டல்காரர்களின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை அணைத்து ஓரமாக வைத்தார். பிறகு ஏற்கெனவே தேய்த்து மடித்து வைத்த சட்டையையே மறுபடி விரித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், பெட்டியில் சூடே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து கோட்டில் காபிக் கறை போய்விட்டதா என்று கேட்க, இவர் என் பொண்ணு ஹெலிகாப்டர் ஓட்டுறா சார் என்றார். அந்த மனுஷர் பாவம், கறை போச்சா போகலையா என்று தெரியாமலே கை குலுக்கிவிட்டுப் போனார். கறை போய்விட்டது, நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு எல்லாமே சட்டைக் கணக்குதான். நீ ஒரு மணி நேரம் பறந்தால் எத்தனை சட்டை தேய்க்க வேண்டும் என்று விரலை மடக்குவார். எந்திரத்தை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, சுற்றுகிற இறக்கையை வைத்தே தரையிறங்கப் பழகினேன் என்று நீ சொன்ன அன்று நான் சாமி முன் விளக்கேற்றி வைத்தேன், அவரோ எந்திரத்தை அணைத்தால் அந்த நேரத்துக்கும் காசு வாங்குவார்களா என்று கேட்டார். சிரித்துச் சிரித்துத்தான் சமாளித்தோம். மனை விற்ற பணம் முதல் பாதிக்குப் போனது, பேங்க் கடன் மறுபாதிக்குப் போனது, இனி மேடு தாண்டிவிட்டோம் என்று நினைத்தபோதுதான் உன் போன் வந்தது. வாரக்கணக்காகப் பனிமூட்டம், பறக்க விடவில்லை, கைப்பழக்கம் விட்டுப்போய்விட்டது, பரீட்சைக்கு முன் இன்னும் சில மணி நேரம் பறந்தே ஆக வேண்டும் என்கிறார்கள், பெட்ரோல் விலை ஏறியதால் கட்டணத்தையும் ஏற்றிவிட்டார்கள் என்றாய். கடைசியில் மெல்லிய குரலில், போதும்மா, நான் திரும்பி வந்துடறேன், கடையில உங்ககூட நிக்கறேன் என்றாய். அப்பா மறுநாள் காலையிலேயே பேங்குக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாளே பணம் ஏற்பாடாகிவிட்டது, பேங்கில் இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள் என்று உன்னிடம் சொன்னார். அது பொய். பேங்க்காரர்கள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். பேங்கிலிருந்து திரும்பிய அப்பா நேரே பக்கத்து செல்போன் கடைக்காரரிடம் போய், நம் கடையின் முன்பாதியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். முன்பாதி போனால் துணி உலர்த்துகிற பெரிய டிரையரை வைக்க இடமிருக்காது, அதையும் விற்றுவிடலாம், கையால் செய்கிற வேலையை மட்டும் பின்பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். மறுநாள் அந்த ஆள் டேப்பைப் பிடித்து இங்கே கண்ணாடி, இங்கே விளக்கு என்று அளந்துகொண்டிருக்கிறார், அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்போது ஜன்னல் திரைச்சீலையைத் துவைக்கப் போட வந்தாள் உன் அக்கா. என்ன என்று கண்ணாலேயே கேட்டாள். சொன்னேன். கைப்பையைக் கழற்றி மாட்டிவிட்டு அழுக்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் செய்வீர்களே, அதுபோல ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவிப் பேனாவையும் சில்லறையையும் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஒரு மூட்டை முழுக்க முடித்தபின் எழுந்து போய், அளந்தது போதும் அண்ணே, இடம் கொடுக்கறதா இல்லை என்றாள். அந்த ஆள் அப்பாவைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார், நான் மூட்டையைப் பார்த்தேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மனையை விற்றபோது அவள், ரெண்டு பொண்ணு இருக்கற வீட்டுல ஒருத்திக்கு மட்டும் வானமா என்று கேட்டாள், நீ, உன்னை யாரு பறக்க வேணாம்னா என்று திருப்பிக் கேட்டாய். இரண்டிலும் நியாயம் இருந்தது, இரண்டும் சுட்டது. அன்றிலிருந்து நான் நடுவில் தபால்காரியாக இருக்கிறேன். அவள் வீட்டு மாடியில் டியூஷனுக்கு என்று ஒரு அறை கட்ட ஆரம்பித்தாளே, சுவர் எழும்பிவிட்டது, கூரை போட வேண்டியதுதான் பாக்கி. இப்போது பிள்ளைகள் கீழே கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அவர்கள் போகிறவரை மாப்பிள்ளை சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். அந்தக் கூரைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வந்தார்கள். அப்பா கையை நீட்டவே இல்லை. ஒரு பெண்ணின் கூரையைப் பிரித்து இன்னொரு பெண்ணுக்குச் செலவழிக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை, நின்னு சாப்பிட்டே பழகிடுச்சு மாமா, உட்கார்ந்தா தூக்கம் வருது என்று சொல்லி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான்தான் கேட்டேன், பேசவே பேசாதவளுக்கு எதற்கடி இவ்வளவு என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவ பாதியில திரும்பி வந்துட்டா நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்மா. எனக்கு அந்த ஜெயிப்பு வேணாம். அவ மேலேயே இருக்கட்டும், நான் கீழேருந்து சண்டை போட்டுக்கறேன்.”

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, ஆனால் இதை நான் அடைக்கிறேன் என்றார். அதற்கும் அவள் ஒப்பவில்லை. நீங்கள் அடைக்க வேண்டாம், அவள் சம்பாதித்து அவளே எனக்குத் தரட்டும், ஆனால் பறந்து முடிக்கிறவரை அவளிடம் மூச்சுவிடக் கூடாது, இது தெரிந்தால் அவள் கவனம் பறப்பதில் இருக்காது என்றாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், நீ பறந்து முடித்தாய், இனி என் வாயை யாரும் கட்ட முடியாது.

பிறகு தினமும் பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது கடைக்கு வருவாள். திரைச்சீலை ஆகிவிட்டதா என்பாள். எப்போதோ ஆகிவிட்டது, அவள்தான் எடுத்துப்போகவில்லை. அப்படியே போகிற போக்கில், அங்கே பனி விலகிடுச்சாமா என்பாள். நீ தேறிய செய்தியை நான் போனில் சொன்னபோது மறுமுனையில் பிள்ளைகள் சத்தம் மட்டும்தான் கேட்டது. சரிம்மா, கிளாஸ் நடக்குது என்று வைத்துவிட்டாள். அன்று பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு மாடிக்குப் போய் அந்தக் கூரையில்லாத அறையில் ரொம்ப நேரம் இருந்தாளாம். என்ன செய்தாள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். சும்மா மேல பார்த்துக்கிட்டு நின்னா அத்தை என்றார்.

இதையெல்லாம் உன் மனசைக் கனக்க வைக்க எழுதவில்லை. எனக்கு மனசு நிறைந்து வழிகிறது, வேறு யாரிடம் கொட்டுவேன். கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள நீ அங்கே ஹெலிகாப்டர்களைக் கழுவித் துடைத்ததையும் நினைத்துக்கொள்கிறேன், லாண்டரிக்காரி மகள் எங்கே போனாலும் துவைக்கத்தான் செய்கிறாள் என்று சிரித்தாலும் உள்ளே பெருமைதான். பனி நாட்களில் காசு வாங்காமல் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாரே உன் பயிற்சியாளர், அவருக்கு நாங்கள் கும்பிட்டதாகச் சொல். உன்னைப் போல ஒரு பிள்ளையையும், அவளைப் போல ஒரு பிள்ளையையும் ஒரே வயிற்றில் சுமந்தேன் என்பதை நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை.

இனி வேலை தேட ஆரம்பிப்பாய். யார் அவசரப்படுத்தினாலும் வானம் சரியில்லை என்றால் கிளம்பாதே, முதலாளிக்கு இன்னொரு பைலட் கிடைப்பார், எங்களுக்கு இன்னொரு நீ கிடைக்க மாட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொள்கிற அந்தக் கருவியைக் கழற்றியதும் தலையை நன்றாகத் துடை, சளி பிடிக்கும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அக்காவைக் கூப்பிடு. எடுத்த எடுப்பில் நன்றி, மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவளுக்கு வெட்கம் வந்து போனை வைத்துவிடுவாள். டியூஷன் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேள், அதில் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

இன்னும் ஒன்று. பணம் கொடுத்த அன்று கிளம்பும்போது வாசல்வரை போன உன் அக்கா திரும்பி வந்து என் காதோடு சொன்னாள், “சும்மா கொடுத்தா ஒரு தேங்க்ஸ்ல முடிச்சிடுவாம்மா. கடன்னா அடைக்கிற வரைக்கும் எங்கிட்ட பேசித்தானே ஆகணும்.” அதனால் பெரிய சம்பளம் வந்தாலும் ஒரேயடியாக அடைத்துவிடாதே கண்ணு. முதலில் கூரைக்கு ஆவதைக் கொடு. மீதியை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் போன் போட்டுச் சொல்லிவிட்டு அனுப்பு. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

நீ ஏறுகிற ஒவ்வொரு தடவையும் எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு ஏறும், இறங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு செய்தி மட்டும் அனுப்பு.

உன் நலமே நினைக்கும்,
அம்மா

(அப்பா எட்டிப் பார்த்து, அங்கே மழையா என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.)