கொஸ்லந்தையில் லின்ட்ஹோல்ம் நூற்றாண்டு

பதுளை
6 ஜனவரி 2025

அன்புள்ள பிரஷாவுக்கு,

நான் நலம். நீயும் அந்தச் சுவீடன் குளிரில் நலமாக இருக்கக் கதிர்காமத்தானை வேண்டிக்கொள்கிறேன். போனில் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் நீ சொன்னபடி இனிமேல் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆர்விட் லின்ட்ஹோல்ம் பிறந்து இந்த வருஷத்தோடு நூறு வருஷம். பெயரைப் பார்த்ததும் நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. என்ன செய்வது, கலியாணமான நாளிலிருந்து உனக்குச் சக்களத்தி என்று ஒருவர் உண்டென்றால் அது அந்தச் சுவீடன் கிழவர்தான். நாடகம், சினிமா இரண்டையும் அப்படி ஆண்ட இன்னொருவரை எனக்குத் தெரியாது. நீ இருக்கும் ஊர் அரங்கில்தான் வாழ்நாளெல்லாம் நாடகம் போட்டார். அங்கே அவருக்குப் பெரிய விழா எடுக்கிறார்களாம். எனக்காக ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதேன்.

இங்கே எங்கள் திரைப்படக் கழகமும் சும்மா இருக்கப் போவதில்லை. அவருடைய "கணவன் மனைவி" என்ற படத்தைக் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் போடுகிறோம். கடைக்கார மஹ்ரூப் புரொஜெக்டர் தருகிறார். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை அங்கே யார் படிப்பது? ஆகவே வசனத்தைத் தமிழில் மைக்கில் வாசிக்கப் போகிறோம். கணவனுக்கு நான், மனைவிக்கு எங்கள் பள்ளிக்கூடத்து ஷாகிரா டீச்சர். சுவீடன் பாஷை தெரிந்த தமிழச்சி உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? படத்தை அனுப்பிவைக்கிறேன், வசனத்தைத் தமிழில் எழுதித் தா. வீட்டில் எல்லாம் பழையபடிதான்.

அன்புடன்,
புவனேந்திரன்

கோத்தன்பர்க்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி லின்ட்ஹோல்முக்கு, மிச்சம் எனக்கு. அதுவாவது கிடைத்ததே என்று வைத்துக்கொண்டேன்.

முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துக்கொண்டு விழாவுக்குப் போனேன். கொட்டுகிற பனியில் வாசலுக்கு வெளியே வரிசை. உள்ளே அவர் போட்ட கோட்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பொத்தான் வேறு நிறம். இத்தனை பெரிய மனிதருக்கு ஒரு பொத்தான் பார்த்துத் தைத்துக்கொடுக்க ஆளில்லாமல் போயிற்றே என்று பாவமாக இருந்தது.

அவருடைய நாடகங்களில் நடித்த ஓர் அம்மாள் பேசினார். ஒத்திகைக்கு வந்தால் லின்ட்ஹோல்ம் வசனத்தைத் தொடவே மாட்டாராம். நடிகர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, "இன்றைக்கு உன் மனதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பாராம். பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டாராம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கோ கோபம் வந்தது. இந்த மனிதரைப் பற்றி வருஷக்கணக்காக நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கமெரா எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்றெல்லாம் சொன்னீர்கள். இதை ஒருநாளும் சொன்னதில்லையே.

சம்பளத்துக்காக வந்தேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல்தான் வந்தேன் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போனில் உங்களைக் கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்றீர்கள். நான் கேட்டது உங்கள் இஷ்டத்தை.

வசனம் எழுதித் தருகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். வெறும் பேக்கரிப் பாணும் பிளேன் டீயுமாக நாளைக் கழிக்க வேண்டாம்.

உங்கள்,
பிரஷாந்தினி

கோத்தன்பர்க்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

வசனம் இத்துடன் வருகிறது. லீவு நாளெல்லாம் இதற்கே போயிற்று. படத்தில் அந்தப் பெண் புருஷனை வாய்க்கு வாய் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கொஸ்லந்தைப் பெண்களுக்கு அது காதில் ஏறாது என்று எல்லா இடத்திலும் "என்னங்க" என்றே போட்டுவிட்டேன். கழகத்தார் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நாள் என் சக்களத்திக் கிழவரைத் திட்டியிருக்கிறேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசிக் காட்சியை எழுதும்போது அழுதேன்.

உங்கள்,
பிரஷாந்தினி

பதுளை
24 மார்ச் 2025

அன்புள்ள பிரஷா,

விழா நடந்தது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். மண்டபம் கொள்ளவில்லை. லின்ட்ஹோல்மின் புகைப்படத்தை மேடையில் வைத்து நான் பேசியதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முதல் "என்னங்க" வந்ததும் ஒரே சிரிப்பு, வெள்ளைக்காரியும் நம்மைப்போலத்தான் கூப்பிடுகிறாள் என்று. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஷாகிரா டீச்சர் உன் வசனத்தை வாசிக்க வாசிக்க எனக்கு உன் குரல்தான் கேட்டது.

கடைசிக் காட்சி. பெட்டியோடு அவள் கதவருகில் நிற்கிறாள். நீ எழுதியபடி டீச்சர், "என்னங்க, போயிட்டு வாரேன்" என்று வாசித்தார். கணவனுக்கு அங்கே வசனம் இல்லை. அவன் ஜன்னலைப் பார்க்கிறான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஒன்றுமில்லாமல் நின்றேன்.

படம் முடிந்து விளக்கைப் போட்டோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த இராக்கம்மா என்னைக் கேட்டார்.

"என்ன சேர், அம்புட்டுதானா? அந்தப் புள்ள வாரதக் காட்டாம லைட்டப் போட்டுட்டீங்க?"

"அவங்க வரமாட்டாங்கம்மா. படம் அவ்வளவுதான்" என்றேன்.

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தானே போச்சு? வராதவ அப்புடிச் சொல்லுவாளா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "அந்த ஆளு ஒரு வார்த்த கூப்புட்டா வந்துரும். வாயில என்ன வச்சிருந்தாரு?" என்றாள். ஷாகிரா டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வயரைச் சுருட்டப் போய்விட்டேன்.

அடுத்து மொனராகலையில் போடக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அவள் வெறும் "போகிறேன்" என்றுதான் சொல்கிறாள். அந்த வரியைத் திருத்தவா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது வேறொன்றுதான் கேட்க வருகிறது. "உன் இஷ்டம்" என்று நான் சொன்னது பொய். வர மாட்டேன் என்று நீ சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் சொன்ன பொய். நீ வர வேண்டும் என்பதுதான் என் இஷ்டம். நீ இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வந்துவிடு பிரஷா.

உன்,
புவனேந்திரன்

கோத்தன்பர்க்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய், பனியில் திரும்பி நடந்து வேலைக்குப் பிந்திப் போனேன். ஏச்சு வாங்கியது உங்களால்தான்.

முதலில் வசனம். நான் எழுதியது பிழை. அவள் "போகிறேன்" என்றுதான் சொல்கிறாள், திரும்பி வர மாட்டாள். வாசலில் நிற்கும் ஒருத்தியை அப்படிச் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் அது சாவுக்குச் சமமான சொல். அதற்காக அவர் எடுத்த படத்தை நாம் மாற்றக் கூடாது. யாரும் கூப்பிடாத வீட்டிலிருந்து ஒருத்தி போய்விடுவாள் என்று காட்டத்தானே அவர் பாடுபட்டிருக்கிறார். நூறாவது வருஷத்தில் அவருக்கு நாம் செய்யும் மரியாதை அதை அப்படியே சொல்வதுதான். மொனராகலையில் "போறேன்" என்றே வாசிக்கச் சொல்லுங்கள். சனங்கள் உங்களை ஏசினால் ஏசட்டும்.

அவள் வர மாட்டாள். நான் வருகிறேன். ஒப்பந்தத்தை நீட்ட வேண்டாமென்று இன்று காலை சொல்லிவிட்டேன். ஜூன் பதினெட்டாம் தேதி காலையில் கட்டுநாயக்காவில் இறங்குவேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கடிதத்தில் கேட்டவர் சமையலறையில் எதிரே உட்கார்ந்து கேட்பாரா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. நானும் உங்களைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

விமான நிலையத்துக்கு வேறு யாரையும் அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். வழி நெடுக நம்மைப் பற்றி மட்டும் பேச வேண்டும். ஊர் நெருங்கி, பெரகல தாண்டிய பிறகு லின்ட்ஹோல்மைப் பற்றிப் பேசலாம்.

உங்கள்,
பிரஷா