வார்த்தை வேண்டாம் என்று நீ வைத்துவிட்டுப் போன மெட்டு

என் சாமு அண்ணா,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, அடுகோடியில் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில், உன் நினைவாக ஒரு சின்ன இசை நிகழ்ச்சி வைத்தோம். அதில் நீ இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டாய் என்று நினைக்கிற ஒரு காரியத்தைச் செய்தோம். அதை என் வாயாலேயே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் வீட்டுச் சேதி. சாரதா அண்ணி சுகமாக இருக்கிறார். என்னோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன், பொம்மனஹள்ளி வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். பஷீர் பாய் அவ்வப்போது வந்து உன் கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறார். அவருக்குக் கீபோர்டுதான் தெரியும், ஊதத் தெரியாது. "ஈரம் ஏறிடும் எஸ்தர்மா" என்கிறார். யாரும் ஊதாத வாத்தியத்தில் ஈரம் எப்படி ஏறும்? நான் கேட்பதில்லை.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. நீ பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவன். அப்பா கே.ஜி.எஃப். சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே சர்ச் பேண்டில் கிளாரினெட் எடுத்தவன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நீ மெட்டுப் போடுவாய், நான் வார்த்தை எழுதுவேன், பஷீர் பாய் இரண்டையும் கீபோர்டில் சேர்த்துக் கட்டுவார். கல்யாண ரிசப்ஷனா, அம்மன் கோயில் திருவிழாவா, சர்ச் விழாவா, எங்கே கூப்பிட்டாலும் போனோம். ஹோசூர் ரோடு நெடுக நம் பாட்டைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் உன்னிடம் இன்னொரு வகை இருந்தது. பாட்டே இல்லாத பாட்டு. கிளாரினெட் மட்டும் தனியாகப் பேசுகிற மெட்டுகள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நடுவில் ஒன்றையாவது வாசிக்காமல் இருக்கமாட்டாய். அதற்கெல்லாம் வார்த்தை போடலாம் என்று நான் கேட்கும்போதெல்லாம் நமக்குள் சண்டைதான்.

"பாட்டுன்னா அது இன்னதுன்னு சொல்லிடுது எஸ்தரு. அம்மான்னு நீ எழுதிட்டா எல்லாரும் அம்மாவத்தான் நினைக்கணும். இதுல அப்படி இல்ல. அவனவன் மனசுல என்ன தூக்கிட்டு வந்தானோ அத நினைச்சுக்கலாம்" என்பாய்.

"அவனவன் பந்திக்குப் போறான், பாத்தியா?" என்பேன் நான். உண்மைதானே? பாட்டு நின்று நீ தனியாக ஊத ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் எழுந்து இலைக்குப் போய்விடும்.

"போகட்டும். சாப்பிடறப்ப காதுல விழும்ல?"

உனக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபமாக வரும்.

அந்த மெட்டுகளில் ஒன்றைத்தான் நாம் சாரதா மெட்டு என்று கூப்பிட்டோம். கம்பெனி ஆயுத பூஜையில், மெஷினுக்கெல்லாம் சாமந்தி மாலை போட்டு முடித்த பிறகு, நீ முதன்முதலாக வாசித்த மெட்டு. பக்கத்து செக்ஷனில் வேலை பார்த்த ஒரு பெண் நேராக வந்து, "இது யாவ ஹாடு?" என்று கேட்டார். என்ன பாட்டு இது என்று. தும்கூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் ஒரு சொல் தெரியாது. பாட்டு இல்லை, வெறும் மெட்டு என்று உன் அரைகுறைக் கன்னடத்தில் சொன்னாய். "மாத்து இல்வா?" என்று கேட்டாராம், இதற்கு வார்த்தை இல்லையா என்று. இல்லை என்றாய். அடுத்த ஆயுத பூஜைக்குள் அவர் எனக்கு அண்ணி ஆகிவிட்டார்.

அதற்கு வார்த்தை எழுதுகிறேன் என்று நான் எத்தனை முறை கெஞ்சினேன்! "அவளுக்குத் தமிழ் தெரியாது. புரியாத பாட்ட எதுக்குப் பாடணும்?" என்றாய். பிறகு அண்ணி தமிழ் பேசத் தொடங்கினார். வீட்டில் நீ கன்னடத்தில் கேட்க, அவர் தமிழில் பதில் சொல்ல, வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்போது உன் காரணம் மாறியது. "அவளுக்கே தெரியும். வார்த்தை எதுக்கு?" என்றாய்.

ஒருநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். தூங்குகிறாய் என்றுதான் பக்கத்தில் இருந்தவர் நினைத்தாராம். அடக்கத்தன்று சர்ச்சில் கீதங்கள் பாடினார்கள். உன் மெட்டு எதையும் யாரும் வாசிக்கவில்லை. வாசிக்கும் நிலையில் யாரும் இல்லை.

இந்த வருட நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, மேடைகளில் நன்றாகப் பெயர் வாங்கிய ஒரு பாடகி பஷீர் பாயிடம் பேசியிருக்கிறார். சாரதா மெட்டுக்கு வார்த்தை போட்டுத் தந்தால் தானே பாடி ரிகார்டு பண்ணுவதாகச் சொன்னாராம். பஷீர் பாய் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். நான் முடியாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க உன்னோடு சண்டை போட்ட நான்தான், அண்ணா! நீ இல்லை என்றதும் உன் கட்சிக்கு மாறிவிட்டேன்.

அன்று சாயந்திரம் அண்ணி வீட்டுக்குப் போனேன். அவரைக்கொட்டை சீசன். ஊறவைத்த கொட்டையை இரண்டு பேரும் தோல் நீங்கப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். பாடகி கேட்டதையும் நான் மறுத்ததையும் பெருமையாகச் சொன்னேன்.

"யார கேட்டு வேணாம்னு சொன்னே?" என்றார்.

"அண்ணனுக்குப் பிடிக்காதே அண்ணி."

"என்னை யாராவது கேட்டாங்களா? எப்பவாவது?"

நான் பிதுக்குவதை நிறுத்திவிட்டேன்.

"உன் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு. பஷீர் அண்ணா பொண்ணு நிக்காவுக்கு ஒரு பாட்டு. கம்பெனி மேனேஜர் ரிட்டயர் ஆனாரு, அவருக்குக் கூட ஒண்ணு, பேரெல்லாம் போட்டு. எனக்கு மட்டும் சும்னே, வெறும் மெட்டா ஊதினாரு. இது என்ன சொல்லுதுன்னு கேட்டா, உனக்குத்தான் தெரியுமேன்னு சிரிப்பாரு. எனக்குத் தெரியல எஸ்தரு. நிஜமா தெரியல. தெரியலன்னு எப்படிச் சொல்றது? அவ்ளோ சந்தோஷமா ஊதறாரு."

குரல் உயரவில்லை. கொட்டை பிதுங்கிப் பாத்திரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. "நான் தமிழ் கத்துக்கிட்டதே உங்க பாட்டு புரியணும்னுதான்" என்றார்.

இதை நீ எப்படி அறியாமல் போனாய், அண்ணா? அறிந்தும் சும்மா இருந்தாயா? ஒரு ஆளுக்காகவே செய்த மெட்டில், அந்த ஆள் மட்டும் வெளியே நிற்க முடியும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். அந்தப் பாடகிக்காக இல்லை, அண்ணிக்காக. நிலவு, மழை, ஆற்றங்கரை என்று எனக்குக் கைவந்ததையெல்லாம் போட்டு எழுதிக்கொண்டு போனேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது யாரோ வேற பொண்ணு" என்றார். "பொம்மனஹள்ளில ஏது ஆத்தங்கரை?"

"அப்போ நீங்களே சொல்லுங்க. அண்ணன் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கணும்?"

"அவரு சொல்லவே வேணாம். நான் சொல்றேன். அவரு வாசிக்கிறப்ப நான் திருப்பி என்ன சொல்லியிருப்பேனோ, அத எழுது."

அப்படி எழுதினோம். அண்ணி சொல்லச் சொல்ல நான் மெட்டில் உட்கார வைத்தேன். 'நீ' என்று போட்டால் தாளத்துக்குச் சரியாக இருக்கும் என்றேன். "அவர நான் நீன்னு கூப்பிட்டதே இல்ல" என்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தேறியது இவ்வளவுதான்:

ஊட்டா ஆய்தான்னு கேட்டுக்கிட்டே வருவீங்க,
ஆச்சுன்னு சொன்னாலும் ரெண்டு தட்டு எடுப்பீங்க.
வாசல்ல நீங்க செருப்பு கழட்டும் சத்தம்,
எனக்கு அதுதான் நேரம், எனக்கு அதுதான் விளக்கு.

சாப்பிட்டாயா என்று வேலை முடிந்து வந்து நீ தினமும் கேட்பதை, அண்ணி முதல் அடியில் அப்படியே கன்னடத்தில் வைக்கச் சொன்னார். தமிழ் டீச்சர் நான், மறுபேச்சுப் பேசவில்லை. பஷீர் பாயிடம் காட்டியபோது அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பாடகியை விட்டுவிடலாம், நீயே பாடு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணப்பா என்பவர் கிளாரினெட் வாசித்தார். உன் வாத்தியத்தைத் தரவா என்று கேட்டோம். வேண்டாம், என்னுடையதிலேயே வாசிக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். முதல் சுற்று வெறும் மெட்டு. எப்போதும் போல நாலு பேர் எழுந்து பின்பக்கம் பிரியாணி வாசனையைத் தேடிப் போனார்கள். இரண்டாம் சுற்றில் நான் பாடினேன்.

'ஊட்டா ஆய்தா' என்றதும் ஹாலில் ஒரு சிரிப்பு எழுந்தது. கேலி இல்லை, வீட்டுச் சிரிப்பு. பின்னால் போனவர்கள் கையில் தட்டோடு கதவருகே வந்து நின்றார்கள். அண்ணி முதல் வரிசையில் இருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தன்னிடம் நேருக்கு நேர் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டார். செருப்பு கழற்றும் அடி வந்தபோது முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் எப்படிப் பாடி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பஷீர் பாய் மட்டும் வயர்களைச் சுற்றிக்கொண்டு மேடையிலேயே இருந்தார். என்ன பாய், நன்றாக இல்லையா என்றேன்.

"அரே, நல்லா இருந்துச்சும்மா. சாரதா பாபிக்கு இது கிடைக்கணும். நான் ஒண்ணும் சொல்லல." வயரைச் சுற்றி முடித்தார். "சாமு பாய் அத வாசிக்கறப்ப எனக்கு எங்கம்மா வருவாங்க. ஏன்னு தெரியாது, எப்பவும் வருவாங்க. இன்னிக்கு வரல. செருப்பு சத்தம்தான் வந்துச்சு."

நீ சொன்னது இதைத்தானே? இத்தனை வருடமாக எனக்குப் புரியாதது, அந்த மேடையில் நின்றபோது புரிந்தது. ஆனால் அண்ணி கேட்டதும் நியாயம்தானே? இந்த இரண்டு பேரில் யாருக்கு நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்.

ஆட்டோவில் பொம்மனஹள்ளிக்குத் திரும்பினோம். வழியில் பஷீர் பாய் சொன்னதை அண்ணியிடம் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. அண்ணி வெளியே நிற்கிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாவம் பஷீர் அண்ணா" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் கேட்டாச்சு எஸ்தரு. ஒரு தடவ எல்லாரும் கேக்கக் கேட்டாச்சு. போதும். அந்தப் பாடகிகிட்ட ரிகார்டும் வேணாம்னு நானே சொல்றேன். இனிமே மேடையில வெறும் மெட்டாவே வாசிக்கட்டும். அவங்கம்மா அவருக்கு வரட்டும்."

"அப்போ நம்ம வார்த்தை?"

"எங்கயும் போகாது."

சிக்னல் விழுந்து ஆட்டோ நின்றது. அண்ணி மெல்ல அந்த மெட்டை முனக ஆரம்பித்தார். உதடு திறக்கவில்லை, ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் என்ன வார்த்தை போகிறது என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியில் ஒருமுறை எங்களைப் பார்த்தார்.

அண்ணா, உன் மற்ற மெட்டுகளெல்லாம் பஷீர் பாயிடம் பத்திரமாக இருக்கின்றன. இனி அவற்றை அவர் வாசிக்கும்போது, எந்த அடிக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று தேடாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்பேன். எனக்கு அதில் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன். நீயாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

மெட்டுக்கு மெட்டு உன்னோடு சண்டை போட்ட,
உன் தங்கை
எஸ்தர்