படத்தில் இல்லாத சுவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை, நீ இருக்கும் நாட்டைப் பற்றியது, அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உன் தோழி கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறி இறங்குகிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

நான் வேலையை விட்டுவிட்டேன். பதறாதே, யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் விட்டேன். எங்கள் படக் கம்பெனியில் பாதிப் பங்கை நீ இருக்கும் நாட்டு அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனம் போன வருஷம் வாங்கியது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எடிட்டிங் அறைக்குப் புது நாற்காலி வந்தது, ஏசி வந்தது, அதிகாரம் பண்ண ஒருத்தரும் வரவில்லை. நாமாகப் பயந்துகொண்டோம் என்று நாங்களே எங்களைக் கேலி செய்துகொண்டிருந்தோம். அப்போது நான் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த படம், அங்கே துறைமுகம் கட்டும் வேலைக்குப் போன புருஷனைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. அது எங்கள் உடைப் பிரிவில் தைக்கும் தையல்காரம்மாவின் சொந்தக் கதைதான். அவள் புருஷன் அந்தத் துறைமுகத்தில் சுவர் இடிந்து விழுந்து செத்தான், உடம்பு வரவில்லை, அவன் துணிப்பெட்டி மட்டும் வந்தது. மிஷினை மிதித்துக்கொண்டே அவள் சொன்னதை எங்கள் இளம் டைரக்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டதை நானே பார்த்தேன்.

படம் முடியும் நேரத்தில் உன் நாட்டுத் தியேட்டர்களில் அதை வெளியிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. வெளிநாட்டுப் படங்களை வருஷத்துக்கு இத்தனைதான் என்று எண்ணித்தான் அங்கே உள்ளே விடுவார்களாமே. மறுநாளே மேனேஜர் ஒரு பட்டியலோடு வந்து நின்றார். துறைமுகம் வேண்டாம், சுவர் வேண்டாம், ஆபீஸ் ஜன்னலில் அந்தப் பெண் புருஷன் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது அப்படி ஒரு ஆளே இங்கே வரவில்லை என்று அதிகாரி சொல்லும் காட்சி வேண்டாம், புருஷன் படகில் போகும்போது புயலில் செத்ததாக மாற்றிவிடுங்கள் என்றார். அங்கிருந்து கேட்டார்களா என்றேன். "யாரும் கேக்கல மேடம், கேக்கற வரைக்கும் வச்சுக்கக் கூடாது, நாமளே பாத்துப் பண்ணிடணும்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "உங்க பொண்ணு அங்கதானே வேலை பாக்கறா, நல்லா இருக்காளா" என்று விசாரித்தார். மிரட்டலாகக் கேட்டாரா, அன்பாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெட்டினேன். வேறு படத்துக்கு எடுத்து வைத்திருந்த புயல் காட்சியைக் கொண்டுவந்து ஒட்டினேன், பதினான்கு நாள் வேலை. ஒட்டு தெரியவில்லை, அந்தத் தொழில்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கம்பெனி ஆட்களுக்குப் படம் போட்டுக் காட்டிய அன்றைக்குத் தையல்காரம்மா முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், இல்லை, புது நாற்காலி நுனியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், "அக்கா, கடல்ல போனான்னு சொல்லிட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது. சுவருன்னா அதைக் கட்டினவன்னு ஒருத்தன் இருப்பான்." தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய்ப் பழையபடி சேர்த்துவிடுகிறேன் என்றேன். முடியாது என்றார். அப்படியானால் அங்கே ஒரு படம், இங்கே ஒரு படம் என்று இரண்டாகப் போடுங்கள் என்றேன். உலகத்துக்கே ஒரே படம்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். "அவங்க வாயத் திறந்து கேட்டிருந்தா முடியாதுன்னாவது சொல்லியிருக்கலாமே சார்" என்றேன். மனுஷர் தலை குனிந்துகொண்டார், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். என் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்து, வேலையையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வெட்டுவதற்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே என்று ஒரு வார்த்தைதான் சொன்னார், அது அறைந்த மாதிரி இருந்தது. படம் வெளியாகி நன்றாக ஓடுகிறது. புயல் காட்சியில் ஜனங்கள் தேம்பி அழுகிறார்களாம். என் வெட்டு அவ்வளவு சுத்தம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாடப் படங்கள் எடிட் செய்து கொடுக்கிறேன், தவளையின் இருதயம், எரிமலை, இப்படிப் போகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மகளுக்காக வெட்டினேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன், ஆனால் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேனேஜர் செய்த அதே வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். இப்போது தையல்காரம்மா அந்தச் சுவர் விழுந்து செத்த மற்ற ஆட்களின் வீடுகளையெல்லாம் தேடிப் பிடித்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டாள். இங்கே நம் தொழிலாளர் துறைக்கு மனு எழுதியிருக்கிறார்கள், படத்தில் முதலில் என்ன இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறாள். போட வேண்டும் என்றுதான் நானும் அப்பாவும் நினைக்கிறோம். அந்த மனு கைமாறி உன் நாட்டு ஆபீஸ் வரைக்கும் போகலாம், என் பெயரை வைத்து உன்னையும் கண்டுபிடிக்கலாம், உன் விசாவுக்குத் தொந்தரவு வரலாம், வராமலும் போகலாம். அவளைப் பத்து நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கே இருந்தாலும் பயமில்லாமல், நோயில்லாமல், பிடித்தவர்கள் பக்கத்தில் இருக்க நீ நீண்ட காலம் வாழ வேண்டும், இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. மறக்காமல் கண் டாக்டரிடம் போ, தலைவலி என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய். பதிலைப் போனில் வெளிப்படையாகச் சொல்லாதே. கையெழுத்துப் போடலாம் என்றால் புதுக் கண்ணாடி வாங்கிவிட்டேன் என்று சொல், வேண்டாம் என்றால் பழைய கண்ணாடியே போதும் என்று சொல், நான் புரிந்துகொள்கிறேன். எதைச் சொன்னாலும் கண்ணாடியை மாற்றிவிடு.

உன் பதிலுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா