பெயர் தேடும் நண்டுகள்

பார் நிலையம், கடலடி
மார்ச் 4, காலை 6:10

வழக்கமான பதிவு. எழுதுவது ரெக்ஸலின் மோத்தா, தரவுத்தளப் பொறியாளர். நிலையத்தில் நாற்பத்தொரு பேர். எல்லோரும் நலம். காபித்தூள் தீர்ந்துவிட்டது, அதைத் தவிரப் புகார் இல்லை.

இங்கே புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கதவு, காற்று வால்வு, காவல் நண்டு, இவற்றில் எதற்கும் உங்களைத் தெரியாது. நீங்கள் எதிரே வந்து நின்றால், இவர் யார் என்று 'மாந்தர்' தரவுத்தளத்தைக் கேட்கும். மாந்தர் எந்த சர்வரில் இருக்கிறது என்பதும் அவற்றுக்குத் தெரியாது. பெயர் மட்டும்தான் தெரியும். ஆகவே முதலில் டைரக்டரியைக் கேட்கும்: மாந்தர் எங்கே? டைரக்டரி ஒரு முகவரி தரும். அந்த முகவரியில் லிசனர் என்றொரு நிரல் வாசல்காரன் மாதிரி காத்திருக்கும். வந்தது யார், யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து உள்ளே தரவுத்தளத்திடம் சேர்த்துவிடும். அங்கே உங்கள் பெயர் இருந்தால் கதவு திறக்கும், நீங்கள் இருக்கும் அறைக்குக் காற்றும் வரும். எல்லாம் நீங்கள் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும்.

காவல் நண்டு என்பது இடுப்பளவு உயரமுள்ள இயந்திரம். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு. போன வருடம் வேறொரு நிறுவனத்து ஆட்கள் வெளிக்கதவை அறுத்து நுழைந்து இரண்டு பேரைக் கொன்றார்கள். அதன்பின் வாங்கியது. மாந்தரில் பெயர் இல்லாத ஆள் அதற்கு எதிரி. அவ்வளவுதான் அதன் அறிவு.

மார்ச் 4, பிற்பகல் 2:35

ஆக்சிஜன் கூடம் வெடித்துவிட்டது. நான்கு பேர் அங்கேயே போய்விட்டார்கள். மேலே போகும் லிப்டின் வடமும் அறுந்துவிட்டது.

தீக்குள் புகுந்து இரண்டு பேரை இழுத்து வந்தவன் எலக்ட்ரீஷியன் இசக்கிப்பாண்டி. முதுகுத் தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. மருத்துவர் சுலைகா சட்டையைக் கத்தரித்து எடுக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தான். என் விரல்கள் இன்னும் வலிக்கின்றன.

மேலே கப்பலிலிருந்து செய்தி: "மீட்புக் கலம் வர குறைந்தது பன்னிரண்டு நாளாகும்."

மிச்சமிருக்கும் காற்று இருபத்திரண்டு பேருக்குத்தான் அதுவரை வரும். நாங்கள் முப்பத்தேழு பேர்.

பாதுகாப்பு அதிகாரி கோதண்டம் ஒலிபெருக்கியில் பேசினார்: "யாரும் டென்ஷன் ஆகாதீங்க. வழி இருக்கு. நாளைக்குக் காலைல எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வாங்க, பேசி முடிவு பண்ணலாம்."

மார்ச் 5, காலை 8:50

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். கோதண்டம் வரவில்லை. பின்கதவு தானாக மூடிக்கொண்டது. முன்கதவு வழியாக ஆறு நண்டுகள் உள்ளே வந்தன. ரோந்துக்கு வந்தவை என்று நினைத்து யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை.

முதலில் அகப்பட்டவர் சமையற்காரர் வேதமுத்து. நண்டு அவர் முகத்தில் விளக்கடித்தது. வழி விடுவதற்காக அவர் நகர்ந்தார். கொடுக்கு அவர் தொடையைப் பிடித்து எலும்போடு நெரித்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் கூட்டம் எழுந்தது. பெஞ்சுகள் கவிழ்ந்தன. துளையிடும் பிரிவைச் சேர்ந்த அருமைநாயகம் ஒரு பெஞ்சைத் தூக்கி நண்டின் மேல் அடித்தார். அது பெஞ்சை ஒதுக்கிவிட்டு அவர் கழுத்தைப் பிடித்தது. தரை வழுக்கியது. என் செருப்புக்கடியில் இருந்தது ரத்தம் என்று விழுந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு நண்டு என் முன் நின்றது. முகத்தில் விளக்கடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அது என்னைத் தாண்டிப் போய் எனக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெண்ணைப் பிடித்தது. அவள் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். நண்டு அவளை இழுத்தபோது முந்தானை கிழிந்தது.

அப்போது எனக்குப் புரிந்தது. என் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

மார்ச் 5, காலை 9:40

சர்வர் அறையில் இருக்கிறேன். இசக்கிப்பாண்டியும் சுலைகாவும் என்னோடு; நண்டுகள் மற்றவர்களைப் பிடித்திருந்தபோது முன்கதவு வழியாக ஓடி வந்தோம். கதவு எனக்கும் சுலைகாவுக்கும் திறந்தது. இசக்கிப்பாண்டிக்குத் திறக்க மறுத்தது. நாங்கள் இருவரும் குறுக்கே நின்று கதவை மூடவிடாமல் பிடிக்க, அவன் தவழ்ந்து உள்ளே வந்தான்.

தேடிப் பார்த்தேன். மாந்தருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாப் பெயரும் அதில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் காலை ஆறு மணியிலிருந்து ஒரு கருவிகூட அதைக் கேட்கவில்லை. லிசனர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது.

'மாந்தர் எங்கே?' என்று நானே டைரக்டரியைக் கேட்டேன். வேறொரு முகவரி வந்தது. பாதுகாப்பு அறையில் இருக்கும் சர்வரின் முகவரி. அங்கே அதே பெயரில் ஒரு நகல் ஓடுகிறது. அதே போர்ட், அதாவது அதே வாசல் எண். அதே மாதிரி ஒரு லிசனர். பெயர்கள் மட்டும் இருபத்திரண்டு.

நண்டுகள் கெட்டுப்போகவில்லை. அவை போக வேண்டிய விலாசத்தை மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 5, காலை 10:05

கோதண்டம் இன்டர்காமில் வந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். உங்க பேரை நான் எடுக்கல. டாக்டர் பேரையும் எடுக்கல. தேவைப்படுற ஆளுங்களத்தான் வச்சிருக்கேன். எனக்கு மட்டும் இது சந்தோஷமா? யாராவது ஒருத்தர் பண்ணித்தான ஆகணும்? எலக்ட்ரீஷியன வெளிய அனுப்பிடுங்க. அதோட முடிஞ்சிடும்."

இசக்கிப்பாண்டி இன்டர்காம் பெட்டியை முஷ்டியால் ஓங்கிக் குத்தினான். பிறகு கீழே உட்கார்ந்து அழுதான்.

"எக்கா, என்னய அனுப்பிராதீங்க."

அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன்.

மார்ச் 5, காலை 11:15

வழி ஒன்று இருக்கிறது. டைரக்டரி பதில் சொல்லாவிட்டால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ள சின்னக் கோப்பைப் பார்க்கும். நிலையம் கட்டியபோது நான் அதில் எழுதிவைத்தது உண்மையான மாந்தரின் முகவரி. கோதண்டம் அதை மாற்றவில்லை. அப்படியொரு கோப்பு இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

டைரக்டரி, நகல் இரண்டும் பாதுகாப்பு அறையில். அந்த அறைக்குப் போகும் தரவுக் கேபிள் ஒன்றுதான்; ஒலிபெருக்கிக்கு வயர் தனி. அதை வெட்டினால் நகலோடு இருக்கும் இணைப்பு அறும். டைரக்டரியும் ஊமையாகிவிடும். நண்டுகள் வேறு வழியில்லாமல் பழைய விலாசத்துக்குத் திரும்பும்.

கேபிள் கிழக்கு நடைவழியில் ஓடுகிறது. நண்டுகளுக்கு என்னைத் தெரியும். ஆகவே நான்தான் போக வேண்டும். தீயணைப்புக் கோடாரியை எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, பிற்பகல் 4:20

சுலைகா ஊசி போட்டிருக்கிறாள். வலது கையால் தட்டுகிறேன். இடது கையில் மூன்று விரல்கள் இல்லை.

நடைவழியில் மூன்று நண்டுகளைத் தாண்டினேன். மூன்றும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விலகின. இறந்தவர்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. சிலருக்கு உயிர் இருந்தது. ஒருவர் என் காலைப் பிடித்தார். உதறிவிட்டு நடந்தேன்.

கேபிள் மூடியைக் கழற்றியதைக் கேமராவில் கோதண்டம் பார்த்துவிட்டார். "மேடம், வேணாம்" என்று ஒலிபெருக்கியில் கத்தினார். அடுத்த கணம் என் பெயரை எடுத்திருக்க வேண்டும். கடைசியாகத் தாண்டிய நண்டு திரும்பியது.

முதல் வெட்டில் கேபிளின் உறை மட்டும் பிளந்தது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கும்போது கொடுக்கு என் இடது கையைப் பிடித்தது. விரல்கள் ஒடிவதைக் கேட்டேன். வலி உடனே வரவில்லை. ஒற்றைக் கையால் வெட்டினேன். எத்தனை முறை என்று தெரியாது. கத்திக்கொண்டே வெட்டினேன்.

கேபிள் துண்டானது. நண்டு அசையாமல் நின்றது. விளக்கு என் முகத்துக்கு வந்தது. பிறகு கொடுக்கு திறந்தது.

இசக்கிப்பாண்டிதான் என்னைத் தூக்கிவந்தான். வெந்த முதுகோடு, அவ்வளவு தூரம்.

மார்ச் 5, மாலை 6:30

கோதண்டம் இறந்துவிட்டார். இசக்கிப்பாண்டியும் இன்னும் மூன்று பேரும் பாதுகாப்பு அறைக் கதவை என் கோடாரியால் உடைத்தார்கள். நான் அங்கே இல்லை. அந்த அறையின் மைக் திறந்திருந்ததால் நிலையம் முழுக்கக் கேட்டது. அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் இவை:

"இன்னும் நாலு பேர் அதிகம். என்னைக் கொன்னாலும் நாலு பேர் அதிகம். எண்ணிப் பாருங்கடா!"

அதற்குப் பிறகு கோடாரிச் சத்தம் மட்டும். தேவைக்கு மேலும் வெகுநேரம் கேட்டது.

எண்ணிப் பார்த்தேன். உயிரோடு இருப்பது இருபத்தாறு பேர். அவர் சொன்னது சரி.

மார்ச் 6, காலை 9:00

சுலைகா மருத்துவ அறையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள். அவளோடு நண்டுகளிடம் சிக்கிய ஐந்து பேர். வேதமுத்துவும் அதில் உண்டு. ஒரு கால் இல்லை.

இசக்கிப்பாண்டி சர்வர் அறைக்கு வெளியே வந்து நின்று இன்டர்காமில் பேசினான்.

"எக்கா, நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. அந்த அஞ்சு பேரும் எப்படியும் பொழைக்க மாட்டாவ. நீங்க பேர மட்டும் எடுங்க. அந்த ரூமுக்குக் காத்து தானா நின்னுரும். டாக்டரம்மாவ நாங்க முதல்ல வெளிய கூட்டிட்டு வந்துருதோம்."

முடியாது என்றேன்.

"அப்ப யாரு சாகணும்? நீங்களே சொல்லுங்க. எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்குக்கா."

இந்த அறைக்குள் வர அவனுக்கு இருந்த அனுமதியை நீக்கினேன். அதை மட்டும்தான் நீக்கினேன்.

மார்ச் 6, காலை 11:40

கோடாரியால் கதவை அடிக்கிறார்கள். நான்கு பேர். கதவின் மோட்டார் எங்கே இருக்கிறது என்று இசக்கிப்பாண்டிக்குத் தெரியும். அதிக நேரம் ஆகாது.

உள்ளே வந்தால் என்னைக் கொல்வார்களா என்று தெரியவில்லை. மருத்துவ அறையின் காற்றை நிறுத்துவார்கள் என்பது நிச்சயம். மாந்தர் திரை திறந்தே இருக்கிறது. எப்படிச் செய்வது என்று அவன் பார்த்திருக்கிறான், நேற்று என் தோளுக்குப் பின்னால் நின்று.

நடைவழியில் இரண்டு நண்டுகள் நிற்கின்றன. அவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது அவற்றுக்கு எல்லோரையும் தெரியும் அல்லவா.

நான்கு பெயர்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அழிக்கவில்லை.

மோட்டாரின் மூடி விழும் சத்தம்.

மார்ச் 6, காலை 11:52

அழித்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கோடாரி இன்னும் இரண்டு முறை விழுந்தது. பிறகு யாரோ ஒருவன் "லே, பின்னால" என்றான்.

இன்டர்காம் திறந்திருந்தது. மூடவேண்டும் என்று தோன்றவில்லை. மூன்று பேர் சீக்கிரம் அடங்கிவிட்டார்கள். இசக்கிப்பாண்டி கதவோடு ஒட்டிக்கொண்டு கத்தினான்.

"எக்கா! பேரச் சேருங்க! எக்கா, பேரச் சேருங்கக்கா!"

விரல் விசையின் மேல்தான் இருந்தது. சேர்த்தால் அவன் உள்ளே வருவான். கோடாரி அவன் கையில் இருந்தது. அது அவன் கையில் இருந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கதவு இரண்டு முறை அதிர்ந்தது. அப்புறம் அதிரவில்லை.

மார்ச் 6, பிற்பகல் 1:30

சுலைகா கூப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"ரெக்ஸி, வேதமுத்து போயிட்டார். இன்னும் ரெண்டு பேர் போயிட்டாங்க. மத்த ரெண்டு பேரும் இன்னைக்கு தாண்ட மாட்டாங்க. இசக்கிகிட்டச் சொல்லு, அவசரப்பட வேண்டாம்னு. காத்து போதும். எல்லாருக்கும் போதும்."

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 6, நேரம் பார்க்கவில்லை

இதைக் கண்டெடுப்பவருக்கு. நெட்வொர்க்கில் மாந்தர் எங்கே என்று கேளுங்கள். கருவிகள் சரியான விலாசம் சொல்லும். லிசனர் ஓடுகிறது. நிலையத்தில் இருந்த எல்லோருடைய பெயரும் அதில் இருக்கிறது. நான் அழித்த நான்கையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போதுதான் சேர்த்தேன்.

கதவைத் திறக்கவில்லை. வெளியே நண்டு எதையோ பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருக்கிறது. கொடுக்கு விரியும் சத்தம் கேட்டது. கனமாக ஏதோ தரையில் விழுந்தது. தெரிந்த ஆளைத் தவறுதலாகப் பிடித்துவிட்டால் சொல்வதற்கென்று அதற்குள் ஒரு குரல் பதிந்து வைத்திருக்கிறார்கள். பெண் குரல். நல்ல உச்சரிப்பு.

"வணக்கம், இசக்கிப்பாண்டி. இடைஞ்சலுக்கு மன்னிக்கவும். நீங்கள் உள்ளே செல்லலாம்."

பதில் வரும்வரை அது திரும்பத் திரும்பச் சொல்லும். சொல்லிக்கொண்டே இருக்கிறது.