வாழி பாட முடியாத கதை

அக். 9, வியாழன்

காலையிலிருந்து மேகம், மழை இல்லை. முழங்கால் வலி பரவாயில்லை. வாங்க வேண்டியது: மாத்திரை, ஸ்கெட்ச் பேனா. குடைக்குக் கம்பி.

போதகர் சரி என்றுவிட்டார்! ஞாயிறு அசனப் பண்டிகை ஆராதனையில் பிரசங்கத்துக்குப் பதில் வில்லுப்பாட்டு. நான் கதை சொல்ல, இசக்கிமுத்து பாட. சந்தோஷத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மில் கேட் வரை போய்விட்டேன். வகுப்பில் கண்டதுதான்: சொன்னால் மறப்பார்கள், பாடினால் பரீட்சையிலும் எழுதுவார்கள். பின்னக் கணக்கை அதிரசத்தை வெட்டித்தானே நடத்தினேன்.

அண்ணனுக்கு நானே சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் பண்டிகைப் பிரசங்கம் அவருடையது.

வெள்ளி

சொன்னேன். படித்துக்கொண்டிருந்த பேப்பரை நாலாக மடித்தார். சாமி கொடைத் திருவிழாவுக்கு அடிக்கிற வில் ஆல்டருக்கு முன்னால் வருவதா என்றார். யோசனை என்னுடையது என்றதும் இன்னும் கோபம்.

"நீ வில்லடி. நான் அடுப்படியில நிக்கேன். கோயிலுக்குள்ள வரமாட்டம்ளா."

சபைக்கெல்லாம் போடும் அசனச் சமையல் அவர் பொறுப்பு; சாக்குக்குக் குறைவில்லை. மதினி தந்த காப்பியில் சீனி இல்லை. யாரும் கவனிக்கவில்லை.

சனி

ஒத்திகை, என் வீட்டில். இசக்கிமுத்து அம்பாசமுத்திரத்துக்காரர், கொடைகளில் பாடுகிறவர். அவர் மகள் என்னிடம் படித்தவள். இயேசு சொன்ன இரண்டு மகன்கள் கதை அவருக்குப் புதிது. சின்னவன் சொத்தை அழித்தது, பன்றி மேய்த்தது, திரும்பி வந்தவனை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது, விருந்து. உட்கார்ந்த இடத்திலேயே பாட்டுக் கட்டினார். எனக்குப் புல்லரித்தது. பிறகு, கோபித்துக்கொண்டு விருந்துக்கு வராமல் வெளியே நிற்கும் மூத்தவன்; அப்பா வந்து கெஞ்சுகிறார். அவ்வளவுதான், முடிந்தது என்றேன்.

வில்லடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்தார். "முடியலயே டீச்சர். மூத்தவன் உள்ள வந்தானா?"

வேதத்தில் அது இல்லை என்றேன்.

"அப்போ வாழி எப்பிடி பாட? ஒருத்தன் வெளிய நிக்கையில கதை நிறையாதுல்லா."

எல்லாருக்கும் வாழி பாடித்தான் வில்லை இறக்குவார்கள். எத்தனை வருஷம் ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நடத்தியிருக்கிறேன்! ஒருவரும் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது: எந்தக் கதையைப் போய்த் தேர்ந்தெடுத்திருக்கிறேன், அதுவும் சின்னவளாகிய நான். அண்ணன் குத்திக்காட்டுவதாகத்தான் நினைப்பார். மாற்ற நேரமில்லை. மனமும் இல்லை.

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஞாயிறு

தூறல். கோயில் நிறைந்து வாசல்வரை கூட்டம். எல்லாரும் தரையில், எனக்கு மட்டும் ஸ்டூல். வில்மணி குலுங்கியதும், வழக்கமாகத் தூங்கும் முன்வரிசை நிமிர்ந்தது! அப்பா ஓடிவரும் இடத்தில் யாரோ விசும்பினார்கள். பக்க வாசலுக்கு வெளியே அண்ணன், கையில் சாம்பார்க் கரண்டி, தலையில் துண்டு, உள்ளே பார்க்காத மாதிரி.

மூத்தவனிடம் வந்தோம். இசக்கிமுத்து கோலை நிறுத்தி அதே கேள்வியைச் சபையில் கேட்டார். பதில் எழுதி வைத்திருந்தேன், மூன்று பாயிண்ட். வாசிக்கவில்லை. தெரியாது, காத்திருக்கிறோம் என்றேன்.

பக்க வாசலிலிருந்து குரல். "வாழியப் பாடும் வே. சோறு ஆறுது."

எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிமுத்து சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்கன நின்னு சொல்லுதீய?"

அந்தப் பக்கம் பார்க்கப் பயம். என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மணி அதிர்ந்தது. வாழி.

முடிந்து வெளியே வந்தேன். பக்க வாசல் படியில் அண்ணன் செருப்பு, நனைந்துகொண்டு. அதன் மேலே கரண்டி.