முட்டி ஆபரேஷனில் உன் குரல்

என் கோபக்காரிக்கு,

வலது முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ பயப்படுவாய் என்றுதான் முன்பே சொல்லவில்லை. நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று மாதமாக நாம் பேசிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நினைவு தப்பாது. விழித்தபடியே கிடக்கும் நோயாளியின் பயத்துக்குத் தூக்க மருந்து கொடுக்காமல், வீட்டு மனிதரின் குரலைக் காதில் ஒலிக்கவிட்டால் போதுமா என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. நானும் சம்மதித்தேன். வீட்டுக் குரல் ஒன்று வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கு நம் மகள், போன வாரம் நீ அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கொடுத்துவிட்டாள்!

"மாடிப்படி ஏறாதீங்கன்னா கேக்குறாரா அந்த மனுஷன்? முட்டிக்குத் தைலம் தேய்க்க யாரு இருக்கா அங்க?"

பழக்க தோஷத்தில் எழுந்து ஓடப் பார்த்தேன். கால் வரவில்லை. ஆனால் மானிட்டரில் நாடித்துடிப்பு நூற்றுப் பத்திலிருந்து எழுபத்தெட்டுக்கு இறங்கிவிட்டதாம்.

மயக்க மருந்து டாக்டரம்மா சிரித்தார். "என்ன சார், திட்டு வாங்கிக்கிட்டே தூங்கிட்டீங்க?"

அதையே இன்னொரு முறை போடச் சொன்னேன். மருந்தின் வேலையாக இருக்கும்.

அடுத்த மாதம் இடது முட்டி. அதற்கு ஒலிப்பதிவு போதாதாம், ஆளே நேரில் வர வேண்டுமாம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்