இடது தொடையில் எழும்பாத கோடு

ஜேடர்பாளையம்,
தை 18.

ராசிபுரத்தில் இருக்கும் மருமகள் நர்மதாவுக்கு, உன் அத்தை முத்தாயம்மாள் எழுதுகிறேன். நீயும் உன் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வாழைக்கு நேற்றுத் தண்ணீர் விட்டேன். என் பிள்ளை ஈஸ்வர் நம்மை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. அவன் லாரியை நிறுத்தும் இடத்தில் புல் முளைத்துவிட்டது. வெட்ட மனம் வரவில்லை.

மூன்று மாதமாக எனக்கு இடது தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது. சேலை உரசினாலே முள் மாதிரி இருக்கும், கிள்ளினால் தெரியாது. போன வாரம் வெல்ல ஆலை வேலையில் பாகு தெறித்துக் கொப்புளமே வந்துவிட்டது, குளிக்கும்போதுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டு ராசாத்தி பயந்துபோய் சேலத்துக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

தொடை நரம்பில் உணர்ச்சி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மிஷினில் பார்க்கச் சொன்னார்கள். அந்த அறையில் மோனிஷா என்று ஒரு பெண், நம் பக்கத்துப் பேச்சு. முதலில் வலது கால். டேப்பால் அளந்து தொடையில் ஸ்டிக்கர் ஒட்டினாள். இடுப்பெலும்பு ஓரமாக ஒன்றை வைத்து அழுத்தினாள், விரலால் சுண்டுகிற மாதிரி கரண்டு. டிவி மாதிரி இருந்ததில் ஒரு கோடு மேடு கட்டி எழும்பியது. இந்தக் கால் நல்லா இருக்குதுங்கம்மா என்றாள்.

இடது பக்கத்துக்குப் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னாள். மாட்டேன் என்றேன். ஏனுங்கம்மா கூச்சப்படறீங்க, நானும் பொம்பளதானுங்க என்று சிரித்தபடி அவளே தளர்த்தினாள். உள்ளே துணியில் சுற்றிச் செருகியிருந்தது அவிழ்ந்து கட்டிலில் விழுந்தது. அடேங்கப்பா, இத்தனை பெரிய போனுங்களா, பாவாடைக்கு ஒரு பாக்கெட் வெச்சுத் தெச்சுக்கலாமுல்ல என்றாள்.

அது ஈஸ்வரின் போன், சாமி.

லாரி விபத்தன்று ஆஸ்பத்திரியில் அவன் வாட்சையும் அதையும் ஒரு கவரில் போட்டு என் கையில்தான் கொடுத்தார்கள். நீ கேட்டபோது வாட்சை மட்டும் கொடுத்தேன். போன் ரோட்டில் விழுந்திருக்கும் என்றேன். நீ கூப்பிட்டுப் பார்ப்பாய் என்று அணைத்தும் வைத்தேன். அன்றிலிருந்து இறுக்கி முடிச்சுப் போட்டு இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

இடது கோடு எழும்பவே இல்லை. அந்தப் போன் அழுத்தித்தான் நரம்பு நசுங்கியிருக்கிறது, இனி வைக்காதீர்கள், மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். ராசாத்தி எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு உன்னோடு ரோட்டோரம் போனைத் தேடினவள் அவள். ஊரில் இறங்கும்போது, அந்தப் புள்ள முள்ளுல கையக் கிழிச்சுக்கிட்டுத் தேடுச்சேக்கா என்று மட்டும் சொன்னாள்.

உனக்கு வயசு இருக்கிறது. நாளைக்கு ஒரு வாழ்க்கை அமையும், அப்போது அவனையும் மொத்தமாக எடுத்துப்போய்விடுவாய் என்று நினைத்துவிட்டேன். ஆனால் எனக்கு அந்த லாக்கைத் திறக்கக்கூடத் தெரியாது. ஆன் செய்தால் முன்னால் ஒரு படம் வரும், பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற படம். உன் முகத்தை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

போனை ராசாத்தியிடம் உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. உனக்கு நல்லது நடக்கிறபோது என்னை நினைத்துத் தள்ளிப் போடாதே. ஒரு குறையும் இல்லாமல் இரு.

அதில் அவன் பேசினது ஏதாவது இருந்தால், முதலில் நீ ஆசை தீரக் கேள். அப்புறம் என்றைக்காவது மனம் வந்தால் என் நம்பருக்குக் கூப்பிட்டு, அதைப் போட்டுப் போன் பக்கத்தில் வை. நீ ஒன்றும் பேச வேண்டாம், கண்ணு. நானும் பேசமாட்டேன்.

உன் அத்தை,
முத்தாயம்மாள்